சோளகக் காற்றும் காசாகும்: புத்தளக் கரையோரத்து வலைத்தளக்காரருக்கு 22 குறிப்புகள்

வைகாசி பிறந்து சோளகம் ஏறிவிட்டால் கற்பிட்டிக் கரையில் வள்ளங்களும் மணலில் ஏறிவிடும். அந்தக் காற்றுக்கென்றே ஐரோப்பாவிலிருந்து விமானம் பிடித்து வந்து, பட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டு கண்டக்குழிப் பக்கம் களப்பில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குத் தொழில் முடங்கும் மாதம் அவர்களுக்குக் கொண்டாட்டம். எந்த மாதம் எந்தக் காற்று, எந்தக் கரை அமைதி என்பது நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூரில் இருப்பவர் அதைத் தெரிந்துகொள்ள இரவு முழுக்கப் போனைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

நமக்குச் சாதாரணமான விஷயம் அவருக்கு அவசியமான விஷயம். வலைத்தளத்தில் காசு பிறக்கும் இடம் அதுதான். வீட்டிலிருந்தபடி ஒரு போனும் கொஞ்ச டேட்டாவும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய நினைப்பவர்களுக்காகச் சில குறிப்புகள்.

1. முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் உங்களிடம் கேட்கும் கேள்விகளை ஒரு மாதம் எழுதி வையுங்கள். "தலவிலத் திருநாளுக்குப் போனால் தங்க இடம் கிடைக்குமா?", "எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதா?", "டொல்பின் பார்க்க எந்த மாதம் வரலாம்?" மூன்று பேர் கேட்ட கேள்வி எதுவோ, அது உங்கள் தளத்தில் ஒரு பக்கம்.

2. மாவட்டம் முழுவதையும் எழுதக் கிளம்பாதீர்கள். வென்னப்புவ முதல் வில்பத்து வரை ஒருவரால் எழுதி முடியாது. செய்திக்குப் புத்தளம் ஒன்லைன் போன்ற தளங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் உடப்பு என்றால் கரைவலையும் கோயிலும், கற்பிட்டி என்றால் காற்றும் கடலும், சிலாபம் என்றால் முன்னேஸ்வரமும் தென்னையும் என்று ஒன்றைப் பிடியுங்கள். அதற்குள் ஆழமாகப் போங்கள்.

3. ஊர்க் காலண்டரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மே முதல் ஒக்டோபர் வரை சோளகம், அது பட்டச் சறுக்குக்காரர் காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கும், டொல்பினும் திமிங்கிலமும் பார்க்கும் காலம். ஆடியில் உடப்புத் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி. ஓகஸ்ட்டில் தலவில சாந்த அன்னம்மாள் திருநாள். ஓகஸ்ட், செப்டெம்பரில் முன்னேஸ்வரத் திருவிழா. ஒவ்வொன்றுக்கும் உரிய பக்கத்தை இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். தேடுகிறவர் பயணத்துக்கு முதல் நாள் தேடுவதில்லை. கூகுளும் புதுப் பக்கத்தை உடனே மேலே தூக்கி வைப்பதில்லை.

4. காற்றுக்கென்று ஒரு பக்கம் வையுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், களப்பில் அலை எப்படி என்று இரண்டு வரியும் ஒரு படமும் போதும். ஒரு பருவம் விடாமல் எழுதினால் வேறெங்கும் கிடைக்காத பதிவேடு உங்கள் கையில் இருக்கும். காற்று முன்னறிவிப்புக்கு உலகெங்கும் சறுக்குக்காரர்கள் பார்க்கும் விண்ட்குரு தளம் கடலே இல்லாத செக் குடியரசிலிருந்து நடக்கிறது. விளம்பரத்தாலும் சந்தாவாலும் அதற்கு வருமானம் வருகிறது. வாசலிலேயே கடல் உள்ள நாம் சும்மா இருக்கலாமா? முன்னறிவிப்பை அவர்கள் சொல்லட்டும். இன்று உண்மையில் என்ன வீசியது என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

5. யாருக்கு எந்த மொழி என்று பிரித்து எழுதுங்கள். பட்டச் சறுக்குக்கு ஆங்கிலம், திருநாளுக்கும் யாத்திரைக்கும் சிங்களமும் தமிழும், வெங்காயச் செய்கைக்குத் தமிழ். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு வந்ததை அப்படியே ஒட்டினால் முதல் வரியிலேயே வாசகர் ஓடிவிடுவார். நம் மாவட்டத்தில் மூன்று மொழியும் பேசும் வீடு பக்கத்துத் தெருவிலேயே இருக்கும். ஒரு பக்கத்தைத் திருத்தித் தர அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கூலி கொடுத்து வாங்குங்கள்.

6. தொடக்கத்துக்கு இலவச புளொகர் போதும். ஆறு மாதம் விடாமல் எழுத முடிகிறதா என்று பார்த்த பிறகு சொந்தப் பெயர் வாங்கலாம். உள்ளூர் வாடிக்கையாளரை எதிர்பார்த்தால் .எல்கே பெயர் நம்பிக்கை தரும். தமிழிலேயே '.இலங்கை' என்று முடியும் முகவரியும் கிடைக்கிறது. பெயர் சின்னதாக, போனில் சொன்னால் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும்.

7. பிரதி எடுத்து வையுங்கள். மலிவாக இருக்கிறதென்று ஒரு கம்பனியில் ஹோஸ்டிங் எடுத்து, புதுப்பிக்கும் திகதியை மறந்து, இரண்டு வருட எழுத்தைத் தொலைத்தவள் நான். இன்று மாத முதல் நாள் வாடகை கொடுப்பதுபோல் ஒரு பிரதி போனிலும் ஒன்று பென்டிரைவிலும் ஏறிவிடும். கருவாட்டைக் காயவைத்தால் மட்டும் போதாது, மழைக்கு முன் எடுத்தும் வைக்க வேண்டும்.

8. விளம்பரக் கணக்கை முதலே போட்டுப் பாருங்கள். கூகுளின் அட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது, நல்ல காரியம். ஆனால் தமிழ் விளம்பரத்துக்குக் கிடைக்கும் விலை ஆங்கிலத்தைவிடக் குறைவு. ஆயிரம் பார்வைக்கு அரை டொலர் என்று வைத்துக்கொண்டால், பணத்தை வெளியே எடுப்பதற்கான எல்லையாகிய 100 டொலரைத் தொட 2 லட்சம் பார்வை வேண்டும். அடுத்த குறிப்பையும் வாசித்துவிட்டு எது சுலபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

9. அறைக்கு ஆள் அனுப்பித் தரகு வாங்குங்கள். ஆலங்குடா, கண்டக்குழிப் பக்கம் தங்குமிடம் நடத்துகிறவருடன் பேசி, உங்கள் பக்கம் வழியாக வருகிறவருக்கு நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். 12,000 ரூபாய் அறையில் ஒரு குடும்பம் இரண்டு இரவு தங்கினால் உங்களுக்கு 2,400. டொலர் 300 ரூபாய் என்று கணக்கிட்டால், 13 குடும்பங்களை அனுப்பியதும் அந்த 100 டொலரைத் தாண்டிவிடுகிறீர்கள். இரண்டு லட்சம் பார்வை எங்கே, பதின்மூன்று குடும்பம் எங்கே? பேசியதைக் கடுதாசியில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவுள்ள இடமா என்று பார்த்துவிட்டே எழுதுங்கள். "இந்த இடத்துக்கு அனுப்பினால் எனக்குத் தரகு கிடைக்கும்" என்று பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள். மறைத்தால் ஒருநாள் வெளியே வரும். சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

10. டொல்பினுக்கு உத்தரவாதம் கொடுக்காதீர்கள். படகு ஏற்பாட்டுக்கு முன்பதிவு எடுத்துக் கொடுத்தால் நல்ல கூலி உண்டு. ஆனால் "கட்டாயம் காட்டுவோம்" என்று எழுதினால் காணாத அன்று பழி உங்கள் தலையில். எல்லோருக்கும் லைஃப் ஜக்கெட் இருக்கிறதா, கூட்டத்துக்குள் விரட்டிக்கொண்டு போகாத படகோட்டியா என்று கரையில் நின்று பார்த்த பிறகு பெயரைப் போடுங்கள். நம் மீனவர்கள் கடலடிப் பாறையைப் பார் என்பார்கள். கற்பிட்டிக்கு வெளியே உள்ள பவளப் பார் 1992 முதல் கடல்சார் சரணாலயம். அங்கே நங்கூரம் போட்டுப் பவளத்தை உடைக்கும் படகை உங்கள் பக்கத்தில் ஏற்றாதீர்கள்.

11. கருவாட்டுக்கு ஓடர் பக்கம் திறக்கலாம். நெத்தலி, கட்டா, திருக்கை என்று வகை பிரித்து, எப்போது காய்ந்தது, உப்பு கூடவா குறைவா, நிறை எவ்வளவு என்று ஒளிக்காமல் எழுதுங்கள். கொழும்பில் இருப்பவருக்குக் கருவாடு கடையிலும் கிடைக்கும். எந்தக் கரையில் யார் காயவைத்தது என்ற விவரம் கிடைக்காது. அதற்குத்தான் அவர் கூடுதல் காசு கொடுக்கிறார். இரட்டைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி மேலே அட்டைப் பெட்டி போடுங்கள், இல்லாவிட்டால் கொரியர்காரர் அடுத்த முறை வாங்கமாட்டார். சி.ஓ.டி. கொடுத்தாலும், புது ஆளிடம் அனுப்பும் கூலியையாவது முதலே வாங்கிவிடுங்கள். சாப்பாட்டுச் சாமான் என்பதால் லேபல், திகதி விஷயத்தில் உங்கள் பகுதிப் பி.எச்.ஐ.யிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

12. கடலில் இருப்பதெல்லாம் சரக்கில்லை. பவளத் துண்டு, ஆமை ஓடு இரண்டையும் விற்பது சட்டப்படி குற்றம். கடலட்டைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்து விலை போட்டால் அந்தப் படமே சாட்சியாகிவிடும்.

13. வெங்காயக்காரரையும் தென்னைக்காரரையும் மறக்காதீர்கள். கற்பிட்டி மணலில் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள், சிலாபத்துப் பக்கம் நாலு தென்னை வைத்திருப்பவர்கள் எல்லோரும் போன் வைத்திருக்கிறார்கள். நோய் வந்தால் படம் எடுத்து யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். நம் மாவட்டத்து லுணுவிலவில்தான் 1929 இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சொல்லும் ஆலோசனையை எளிய தமிழில், வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற அளவில் எழுதிக் கொடுத்தால் வாசகர் நிலைத்து நிற்பார். விதை, பசளை, சொட்டு நீர்க் குழாய் விற்கும் உள்ளூர்க் கடைகள் அந்தப் பக்கத்துக்கு விளம்பரம் தரும். ஆனால் மருந்துக் கடைக்காரர் காசு கொடுத்தார் என்பதற்காக அவருடைய மருந்தைப் பரிந்துரைத்தால் ஒரே போகத்தில் உங்கள் பெயர் போய்விடும்.

14. உள்ளூர் விளம்பரத்தை மாதக் கணக்கில் விற்காமல் பருவக் கணக்கில் விற்றுப் பாருங்கள். நோன்புக் காலத்துக்குத் தையல்காரரும் துணிக்கடையும், திருநாள் காலத்துக்கு வேன்காரரும் சாப்பாட்டுக் கடையும், தை மாதத்தில் டியூஷன் மாஸ்டரும் தாமாகவே தேடி வருவார்கள். ஒரு பருவத்துக்கு ஒரே விலை, ஒரே படம், போன் இலக்கம் ஒன்று. கடைக்காரருக்குப் புரியும், உங்களுக்கும் தலைவலி இல்லை. வருகிறவரிடம் "எங்கே பார்த்து வந்தீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் உங்கள் தளத்தின் பெயரைச் சொன்னால் அடுத்த பருவத்துக்கு நீங்கள் கேட்கும் விலை கிடைக்கும்.

15. ஜனாஸா அறிவித்தலுக்கும் மரண அறிவித்தலுக்கும் காசு வாங்காதீர்கள். புலம்பெயர் தமிழ்த் தளங்களில் அது கட்டணச் சேவையாக நடக்கிறது. அங்கே அது வழக்கம். நம் ஊர் சின்னது. துக்க வீட்டில் வாங்காத ஆயிரம் ரூபாய், கல்யாண வீட்டில் தானாக வந்து சேரும்.

16. வெளிநாட்டில் இருக்கும் ஊரவரை வாடிக்கையாளராக நினையுங்கள். வென்னப்புவ, மாரவிலப் பக்கம் இத்தாலியில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. புத்தளத்தார் மத்திய கிழக்கில் நிறைய. அவர்கள் கேட்பது சின்ன விஷயங்கள்: கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் படம், தென்னந்தோட்டத்துக் காய் பறித்த கணக்கு, அம்மாவின் பிறந்த நாளுக்குக் கேக். "உங்களுக்காகப் போய்ப் பார்த்து வருகிறோம்" என்று ஒரு பக்கம் திறந்து, ஒரு பயணத்துக்கு இன்ன கூலி என்று போடுங்கள். எழுத்தை நம்பி வந்தவர் வேலையையும் நம்பித் தருவார்.

17. பழைய கதைக்கு எப்போதும் வாசகர் உண்டு. 1344 இல் இலங்கை வந்த இப்னு பதூதா கரையிறங்கியதாக எழுதிய பத்தாலா நம் புத்தளம்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை கட்டத் தொடங்கியது 1667 இல். அதே கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் இலங்கை ஊர்களைப் பெயர் வரிசைப்படி விவரித்து ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் அச்சிட்டார். ஊர் ஊராக விவரம் சேர்த்துக் கொடுத்த வகையில் அவரை நம் தொழிலின் முதல் ஆள் என்றே சொல்லலாம். இந்தப் பக்கங்களில் விளம்பரக் காசு பெரிதாக வராது. ஆனால் வாசித்துவிட்டு ஊர் பார்க்க வருகிறவருக்கு இரண்டு மணி நேரம் நடந்து காட்டினால் அன்றைய வீட்டுச் செலவு கழியும்.

18. வீடியோவுக்குச் செட் போட வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்த குடும்பம் 2018 இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021 இல் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தொட்டது. அவர்கள் காட்டியது தங்கள் ஊர்ச் சமையலை, தங்கள் பேச்சில். உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும், பாலாவி உப்பளத்தில் உப்பு வாரும் காலையும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். காமெராவை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, பேசுகிறவரைப் பேசவிடுங்கள். பாடுகிறவரிடம் அனுமதி கேட்டு, வருமானம் வந்தால் அவருக்கும் பங்கு என்று முதலே சொல்லிவிடுங்கள்.

19. அட்சென்ஸ் முகவரியைத் தபால்காரர் கண்ணால் பார்த்து எழுதுங்கள். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் ஒரு இரகசிய இலக்கத்தைக் கடிதத்தில் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். "பள்ளிவாசலுக்குப் பின் வீடு" என்று எழுதிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான், தவறு என்னுடையது. வீட்டு இலக்கம், வீதி, தபால் கந்தோர், தபால் குறியீடு எல்லாம் ஆங்கிலத்தில் முழுதாக இருக்கட்டும். இன்னொன்று: குடும்ப வட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் என் விளம்பரத்தை அமத்துங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். மாமியும் மச்சானும் பாசத்தில் அமத்துவார்கள், கூகுள் கணக்கை மூடிவிடும்.

20. பணம் வரும் வழியை வேலைக்கு முன்பே சரிபாருங்கள். அட்சென்ஸ் பணத்தை நேரே வங்கிக் கணக்குக்கு வாங்கலாம். வங்கியில் ஸ்விஃப்ட் குறியீட்டைக் கேட்டு எழுதி வையுங்கள். பேபால் இலங்கையருக்கு நீண்டகாலம் பணம் அனுப்ப மட்டுமே உதவியது, வாங்க உதவவில்லை. ஆகவே வெளிநாட்டவருடன் பேசும்போதே பேயோனியரா, வங்கியா என்று முடிவு செய்யுங்கள். டொலராகவே வைத்திருக்க விரும்பினால் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறக்கலாம். உள்ளூர் வியாபாரம் வளர்ந்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வரிக்கும் பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரையிலான தனிநபர் வருமானத்துக்கு வரி விலக்கு. வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே வரும் சேவை வருமானத்துக்கு உச்ச வரி 15 சதவீதம். டின் இலக்கத்தை எடுத்து, வந்ததை வந்தபடி எழுதி வைத்தால் பின்னர் ஓட வேண்டியதில்லை.

21. படம் எடுக்கும்போது இரண்டு எல்லைகளை மதியுங்கள். ஒன்று, மனிதர்: கேட்காமல் பெண்களையும் பிள்ளைகளையும் எடுத்துப் போடாதீர்கள். அகதியாக வந்து குடியேறிய கிராமங்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். மற்றொன்று, இடம்: ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உள்ளன. கற்பிட்டியில் கடற்படை முகாம், நுரைச்சோலையில் மின் நிலையம். அழகான காட்சிக்கு ஆசைப்பட்டுப் பொலிஸ் வாசலில் நிற்க வேண்டாம்.

22. மாதக் கடைசியில் பங்கு பிரியுங்கள். கொப்பியின் பின் பக்கத்தில் டேட்டாச் செலவு, பெட்டிச் செலவு, தரகு, விளம்பரம் எல்லாம் வரவேண்டும். பிறகு சிங்களம் திருத்திய பிள்ளை, காற்று சொன்ன மண்டாடி, கருவாடு காயவைத்த அக்கா, பாட்டுப் பாடிய பெரியவர் என்று யார் யார் கை இருக்கிறதோ அவரவர்க்கு ஒரு தொகை. கரைவலையில் கயிற்றைப் பிடித்தவனுக்கு மீன் இல்லை என்று எந்தச் சம்மாட்டியும் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் வலையை அவரே தனியாக இழுக்க வேண்டிவரும்.